வெயில் தேடி இறங்கிய கம்பளிகள்

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தோடு நான் தேவிகுளம் போனதற்கு என் வாலிபம் காரணமல்ல. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெண்பிள்ளைகளை மூன்று நாள் மலைக்கு அனுப்ப வேண்டுமென்றால் கூடவே ஒரு பெரிய பொம்பளை போகவேண்டும் என்று எங்கள் ஊரான பெருமாட்டியின் தாய்மார்கள் ஒரே பிடியாக நின்றார்கள். ஓணத்துக்குத் தைக்க வேண்டியதையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, தையற்கடையைச் சாத்தி, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் அவர்கள் கண்ணில் பட்டேன். எஸ்தர் அக்கா போனால் சரி என்று முடிவாகிவிட்டது. எஸ்தர் அக்காவை யாரும் கேட்கவில்லை.

பயணத்துக்கு ஜெபா ஒரு பெயர் வைத்திருந்தான். ‘சந்தோஷமாய்ச் சேவை.’ ஜெபாதான் ஐக்கியத்தின் தலைவன். மருந்துக் கடையில் வேலை. எதையும் நேரம் குறித்துச் செய்கிற பிள்ளை. தேயிலைத் தோட்டத்து லயங்கள் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் நம்ம ஜனங்களுக்குப் பாட்டு, பொம்மலாட்டம், பிள்ளைகளுக்கு விளையாட்டு, அரிசியும் தேங்காயும் கொடுப்பது என்று எல்லாவற்றையும் போனில் வரிசைப்படுத்தி வைத்திருந்தான். எங்கள் அத்தனை பேர் முகத்தையும் போட்டு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனரும் அடித்திருந்தான். அதில் என் முகம் ஒரு ரேஷன் கார்டு முகம். சந்தோஷமும் தெரியவில்லை, சேவையும் தெரியவில்லை.

வேன் பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியின் பொன்னுச்சாமி அண்ணனுடையது. அவர் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற கவுண்டர் வீட்டு ஆள். வேன் ஓட்டுவது உபதொழில். அவருக்கும் சர்ச்சுக்கும் சம்பந்தமில்லை. வண்டி கிளம்புமுன் திரும்பி உட்கார்ந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“ஏனுங்க, சீட்டு மேல காலு வெக்காதீங்க. புதுக் கவருங்க. ஈரக் குடை உள்ளாற வரப்படாது. வாந்தி வந்தா முன்னாடியே சொல்லீரோணும். அப்பறம் நானு வண்டி ஓட்ட வந்தவனுங்க. இந்தச் சேவையெல்லா நீங்களே பாத்துக்குங்க.”

திருவோண நாள். எங்கள் சித்தூர் பக்கத்து வாசல்களிலெல்லாம் பூக்களம். நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே போனோம். மலை ஏறத் தொடங்கியதும் பார்ப்பதை நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போனோம். பிரின்சி என்கிற பெண், நர்சிங் படிக்கிறவள், ‘எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க்கா’ என்று மற்றவர்களுக்கெல்லாம் தலையைப் பிடித்துவிட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில் அவள்தான் முன்கூட்டிச் சொல்லாமல் வாந்தி எடுத்தாள். நல்லவேளை, என் முந்தானையில். பொன்னுச்சாமி அண்ணன் கண்ணாடியில் முதலில் சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “தேங்க்ஸுங்க” என்றார்.

தேவிகுளத்தில் இறங்கியபோது குளிர் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஊரில் இந்த மாதத்திலும் மலைக் கணவாய் வழியே வரும் காற்று அடித்தால் உதடு வெடிக்கும். இங்கே ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு சொட்டு தொங்குகிறது, விழவும் மாட்டேன் என்கிறது. தோட்டத்துச் சிற்றாலயத்தின் உபதேசியார் குடையோடு வந்தார். பகலில் தேயிலை ஃபேக்டரியில் வேலை, மற்ற நேரத்தில் ஆலயத்தில் ஊழியம் என்று இரட்டைச் சவாரி செய்கிற மனிதர்.

“வாங்க, வாங்க. எல்லாரும் நல்லபடியா வந்து சேந்தியளா? பசியோட இருப்பிய. முதல்ல சாப்பிடுங்க” என்றார்.

சேவை செய்ய வந்தவர்களுக்கு முதல் சேவை அவர்கள்தான் செய்தார்கள். ஆலயத்தை ஒட்டிய கூடத்தில், ஆவி பறக்க மரவள்ளிக்கிழங்கு. மேலே மத்திக் குழம்பு. பாலில்லாத கட்டன்சாயா குண்டா நிறைய. எங்கள் வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு நாலுமணிப் பலகாரம். அதையே ராச்சாப்பாடாக, குளிரில் நடுங்கிக்கொண்டே, விரல் சுடச் சுடத் தின்றதில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பரிமாறியவள் ஞானம்மா. ஐம்பது வயதிருக்கும். கொழுந்து எடுக்கிற வேலை. விரல்களில் தேயிலைக் கறை. ஒவ்வொருவர் தட்டையும் எட்டிப் பார்த்து, காலியாவதற்குள் கிழங்கைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“எம் மக ரூத்து ஆஸ்பத்திரியில கெடக்கா. பிள்ள பெத்திருக்கா” என்று போகிற போக்கில் என்னிடம் சொன்னாள். “பொம்பளப் பிள்ள. எட தான் கொறச்சலு. நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு விடுதாவளாம்.” அதற்குள் ஜெபாவின் தட்டு காலியாகிவிட்டது. அவள் அங்கே ஓடினாள்.

மறுநாள் விடிந்தபோது நாங்கள் வேறு மலையில் எழுந்த மாதிரி இருந்தது. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. வெயில் பளீரென்று தேயிலை மேல் வழிந்தது. ஜெபா பேனரை வேனின் பின்பக்கம் கட்டினான். பொம்மைகளை எடுத்து வைத்தான். குழுவாக, பாட்டோடு லயத்துக்கு இறங்கினோம். லயம் காலியாகக் கிடந்தது.

பள்ளிகளுக்குத்தான் ஓண விடுமுறை. திருவோணத்துக்கு மறுநாள் தோட்டத்தில் வேலை நாள். ஆணும் பெண்ணும் மலைக்குப் போய்விட்டார்கள். உபதேசியார் ஃபேக்டரிக்குப் போய்விட்டார். ஜெபாவின் போனில் இருந்த வரிசையில் ‘ஜனங்கள் வேலைக்குப் போவார்கள்’ என்று ஒரு இடத்திலும் இல்லை. பிள்ளைகள் மட்டும் வாசலுக்கு வாசல் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்குப் பொம்மலாட்டம் காட்டினோம். பாதியிலேயே, பொம்மையைக் கையில் கொடு என்று வாங்கிக்கொண்டு அவர்களே எங்களுக்கு ஆட்டிக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

“சும்மா உக்காந்திருக்கறதுக்கு வந்தமாங்க்கா?” என்றாள் பிரின்சி. “வேலைக்குப் போனவீங்க திரும்பி வர்றதுக்குள்ள ஊட்டு வேலை ஏதாச்சும் செஞ்சு வெக்கலாமுங்க.”

நல்ல யோசனை. கூட்டினோம். தண்ணீர் பிடித்து வைத்தோம். விறகை அடுக்கினோம். அப்புறம்தான் அந்த வெயில் எங்கள் புத்தியைக் கெடுத்தது. வாசல் கொடியில் ஒரு கம்பளி தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்புப் புகையும் மழைக்கால வாடையும் ஏறிய கம்பளி. பிரின்சி அதை மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“தொவச்சுப் போட்டரலாமுங்களா?”

“இந்த வெயிலுக்கு ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிரும்” என்று சொன்னது நான்தான். பெருமாட்டியில் சேலையை உதறிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிழிவதற்குள் முதல் சேலை காய்ந்துவிடும். கிழக்கே காற்று, மேலே வெயில். துணி காய்வது என்பது எங்களுக்கு யோசிக்க வேண்டிய விஷயமே அல்ல. துணியோடேயே பிழைக்கிற எனக்கும் அன்றைக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பிள்ளைகளிடம் கேட்டோம். அவர்களுக்குக் கொண்டாட்டம். “எங்க வீட்ல மூணு இருக்கு!” “எங்க வீட்ல நாலு!” என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தலையில் சுமந்துகொண்டு ஓடி வந்தார்கள். ஞானம்மா வீட்டிலிருந்து, மடித்துத் தனியே வைத்திருந்த ஒரு தடித்த பச்சைக் கம்பளி வந்தது. பைப்படிக் கல்லில் சோப்பும் நுரையும் பாட்டுமாக அடித்துத் துவைத்தோம். பையன்கள் இரண்டு பக்கமும் நின்று முறுக்கிப் பிழிந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் துணி துவைத்ததே இல்லை. லயத்தின் நீளத்துக்கும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று அழகு பார்த்தோம்.

பொன்னுச்சாமி அண்ணன் மட்டும் வேனுக்குள்ளேயே இருந்தார். சீட்டுக் கவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணி வாக்கில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் மரங்கள் போயின. அப்புறம் ஆலயம் போனது. அப்புறம் எங்கள் கம்பளி வரிசையே பாதிக்கு மேல் தெரியவில்லை. பின்னாலேயே பொடித் தூறல். அவசர அவசரமாக எடுத்து உள்ளே போட்டோம். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம் கனத்தது. இனி எப்போது காயும் என்று ஒரு பொடிப்பயலைக் கேட்டேன்.

“மழ விட்டா ஒரு வாரத்துல காயும்” என்றான்.

“அடப்பாவி, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க கேக்கலியே” என்றான். நியாயம்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். மழைக்காக இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து நீர் வடிந்தது. நாங்கள் குற்றவாளிகளைப் போல வரிசையாக நின்றோம். கம்பளிக் குவியலைப் பார்த்ததும் முன்னால் வந்தவள் நின்றாள். “ஏளா, இங்க வந்து பாருங்க” என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது எல்லோருக்கும் தொற்றியது. சாக்கை அவிழ்க்காமலே, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞானம்மா சிரிக்கவில்லை. பச்சைக் கம்பளியின் ஒரு முனையைக் கையில் பிடித்துப் பார்த்தாள். நீர் சொட்டியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“பிள்ளைய சூட்டுலயே வச்சிருக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. கம்பளி இருக்கா, அடுப்பு இருக்கான்னு கேட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு விடுதாரு” என்றாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். உடனே அவள் குரல் மாறிவிட்டது. “பரவால்ல, பிள்ளைகளா. நல்ல மனசோட தான செஞ்சிய. அடுப்பப் பெருசா எரிச்சுக்கிடலாம். சேல இருக்கு, துண்டு இருக்கு.”

பக்கத்து வீட்டில் இரவல் கேட்கலாம் என்றால் பக்கத்து வீட்டுக் கம்பளியும் குவியலில்தான் கிடந்தது. அதற்கும் அடுத்த வீட்டுடையதும் அங்கேதான். நாங்கள் ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் கொண்டுவந்தவை பருத்திப் போர்வைகள். முந்தின இரவு அவற்றுக்குள் நாங்களே பல்லைக் கிட்டிக்கொண்டு கிடந்தோம். ஜெபா கடைத்தெருவுக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். ஓண மயக்கத்தில் துணிக்கடைகள் திறக்கவே இல்லை. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிரின்சி அழுதேவிட்டாள். சேவை செய்ய வந்த வீட்டில் ஒரு பச்சைக் குழந்தையின் கதகதப்பைப் பிடுங்கிவிட்டோம் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

வேன் கதவு திறந்தது. பொன்னுச்சாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இங்க வெயிலு வராதுங்களா?” என்று ஞானம்மாவைக் கேட்டார்.

“இன்னைக்கு வராதுங்க.”

“கீழ போடிப் பக்கம்?”

“அங்க என்ன, எந்நேரமும் வெயிலுதான். இந்த மழ அங்க எறங்காதுல்லா.”

“அப்பறமென்ன. வெயிலு இங்க வல்லீன்னா நாம அங்க போலாமுங்க. கதுரு நனஞ்சா காயற களத்துக்குத்தான கொண்டு போவோம்? ஏத்துங்க.”

“அண்ணா, சீட்டுக் கவர்…” என்றேன்.

“அதுவுங் காயுமுங்க” என்றார்.

முறுக்கின கம்பளிகளை மேலே கேரியரில் கொஞ்சம், உள்ளே கொஞ்சம் ஏற்றினோம். மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே விரித்துவிட்டு உள்ளிருந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டோம். பஞ்சுமிட்டாய் நிறத்ததும் புலிப் படம் போட்டதுமாக அத்தனை கம்பளிகளோடு ஒரு வேன் மலைப்பாதையில் போனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எதிரே வந்த சுற்றுலாக்காரர்கள் எங்களையும் ஒரு காட்சியாக நினைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

வழியில் அண்ணன் தானாகவே பேசினார். “எம்பட பையன் பொறந்தப்ப ரெண்டு கைக்குள்ள அடங்குவானுங்க. பொழைக்கறது செரமம்னு சொல்லிப் போட்டாங்க. அவுங்கம்மா ராப்பகலா மடியிலயே வெச்சிருந்தா. இப்ப அவனுக்கு நீங்கதான சட்ட தெக்கறீங்க. எத்தன துணி புடிக்குதுன்னு உங்களுக்கே தெரியுமுங்க.”

எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஆவதைவிட அரை மீட்டர் கூட வேண்டும். நான் சிரித்தேன். அன்று காலைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

போடிமெட்டில் செக்போஸ்ட். வாசலில் முந்தின நாள் பூக்களம் வாடிக் கிடந்தது. மலையாள அதிகாரி ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார். “இது எந்தா?” என்றார்.

“கம்பளி, சார். காயப் போடப் போறோம்” என்றான் ஜெபா.

“தமிழ்நாட்டுலயா?”

“வெயில் அங்கதான் சார் இருக்கு.”

அவர் ஒரு கம்பளிக்குள் கையை விட்டார். கை நனைந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தார். ஜெபா ஞானம்மாவின் பேத்தி வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அவர் தடையைத் தூக்கச் சொல்லிவிட்டு, “வேகம் போய்க்கோ. சமயம் ஆவுந்நு” என்று அவசரப்படுத்தினார்.

மெட்டைத் தாண்டிய முதல் வளைவிலேயே வெயில். யாரோ கதவைத் திறந்துவிட்டது போல. கீழே தேனிச் சமவெளி வெளேரென்று விரிந்து கிடந்தது. நாங்கள் கத்திய கத்தலில் அண்ணன் ஹாரன் அடித்தார். அந்தச் சந்தோஷத்தில் பிரின்சி பிடியை விட்டுவிட்டாள். காற்று வந்து ஒரு கம்பளியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் போட்டது. பார்த்தால், பச்சைக் கம்பளி. அத்தனை கம்பளியில் காற்றுக்கு அதுதான் கிடைத்தது.

எல்லோரும் ஜன்னல் வழியே பள்ளத்தை எட்டிப் பார்த்தோம். அண்ணன் மட்டும், “மலப்பாதையில கீழ உளுந்தது எங்கயும் போகாதுங்க. நமக்கு முன்னாடி போய் நிக்கும்” என்றார். இரண்டு வளைவு இறங்கியதும் அப்படியே ஆயிற்று. ஸ்கூட்டரில் அப்பளம் விற்கிற ஒருவர் சாலையோரம் நின்றிருந்தார். கையில் பச்சைக் கம்பளி, ஒழுங்காக மடித்தபடி.

“ஏப்பா, உங்களுதா? தலையில வந்து பொத்துன்னு விழுகவும், செத்துப்போன எங்காத்தாதேன் மேல இருந்து போத்தி விடுறாளோன்னு நெனச்சுட்டேன்” என்றார். “அவ போத்தியிருந்தா இம்புட்டு ஈரமா இருக்காது.” எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, அடிவாரத்தில் ஒரு காப்பிக் களம் சீசன் இல்லாமல் சும்மா கிடக்கிறது என்று வழியும் சொன்னார்.

சிமெண்டுக் களம். காலையிலிருந்து வெயில் குடித்த தரை. செருப்பைக் கழற்றிய பிள்ளைகள் துள்ளினார்கள். காவலுக்கு இருந்த அம்மாள் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். பக்கத்தில் நாலைந்து ஆடுகள்.

“எங்கிட்டு இருந்து வாரீக? ஒரு வண்டி ஈரக் கம்பளி, மழையே இல்லாத ஊருக்குள்ள?”

சொன்னோம். அவள் குழந்தைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் கேட்டாள். கேட்டுக்கொண்டே களத்தைக் கூட்டத் தொடங்கிவிட்டாள். விரித்தோம். அங்கே அடித்த காற்று எங்கள் ஊர்க் காற்றுக்கு அண்ணன்காரன். கல் வைத்தும் நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு முனையில் உட்கார்ந்தோம். “காப்பி காயப் போட்ட மாதிரித்தேன். திருப்பித் திருப்பிப் போடணும்” என்று அந்த அம்மாள் அவ்வப்போது குரல் கொடுப்பாள். எல்லோரும் எழுந்து திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி உட்காருவோம். நான் கனமான ஆள் என்பதால் எனக்கு இரண்டு கம்பளி ஒப்படைக்கப்பட்டன. அதை யாரும் வெளியே சொல்லவில்லை. ஆனால் கொண்டுவந்து போட்டார்கள்.

உட்கார்ந்த வாக்கில் பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். லயத்தில் பாட வேண்டிய பாட்டெல்லாம், ஒன்று விடாமல். காலையில் லயத்தில் காட்டிய பொம்மைகளும் வேனில் வந்திருந்தன. பொம்மலாட்டமும் நடந்தது. பார்வையாளர்கள் அந்த அம்மாளும், ஆடுகளும், வண்டி நிழலில் குந்தியிருந்த பொன்னுச்சாமி அண்ணனும். அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். முடிந்ததும் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள். கொளுத்துகிற வெயிலில், சுடுகிற கம்பளி மேல் உட்கார்ந்து, குளிர்ந்த கூழைக் குடித்தேன். அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு கூழ் குடித்ததில்லை. என்ன கொடுக்கட்டும் என்று கேட்டதற்கு, “புள்ளைக்குப் போத்திவிட்டு, களத்துக்காரி கேட்டான்னு சொல்லுங்க” என்றாள்.

வெயில் சாய்வதற்குள் அள்ளிவிட்டோம். எல்லாமே சூடு. பச்சைக் கம்பளியை மட்டும் நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அண்ணன் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னார். “சூடு வெளிய போவப்படாதுங்க.” அந்த அடைசலில் எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. ஒருவரும் முனகவில்லை. செக்போஸ்டில் அதே அதிகாரி. இந்தமுறை வண்டியைச் சுற்றி வரவில்லை. நேரே ஜன்னலைத் தட்டித் திறக்கச் சொல்லி, உள்ளே கையை விட்டு, கம்பளிக்குள் அழுத்திப் பார்த்தார்.

“உணங்கியல்லோ!” என்றார். அவர் வீட்டுக் கம்பளி காய்ந்தது போல முகம் மலர்ந்தது. ஓணத்துக்கு வாழைக்காயை வறுத்து வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை உப்பேரியை ஒரு காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, “குட்டிகள்க்கு” என்று என் கையில் கொடுத்தார்.

தேவிகுளத்தை நெருங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கேரியரில் இருப்பவை நனைந்தால் பட்ட பாடெல்லாம் வீண். ஜெபா ஒரு நொடிதான் யோசித்தான். வேனின் பின்னால் கட்டியிருந்த ‘சந்தோஷமாய்ச் சேவை’ பேனரை இழுத்து எடுத்து, பையன்களோடு மேலே ஏறி மூடிக் கட்டினான். பேனரிலிருந்த எங்கள் முகங்களெல்லாம் மழையில் நனைய, கீழே கம்பளிகள் காய்ந்தபடியே இருந்தன. ரேஷன் கார்டு முகத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

லயத்துக்குள் நுழைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பெண்கள் ஓடி வந்து கம்பளிகளை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்கள். ஆலயக் கூடத்து வராந்தாவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். முந்தின நாள் வாந்தியும் சேறுமாக நாங்கள் சுருட்டிப் போட்டிருந்த துணிகளையெல்லாம் யாரோ துவைத்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரம் சொட்டியது.

“ஐயோ, இதை எதுக்கு? இங்க காயாதே” என்றேன்.

“இங்க காயாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?” என்று பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி சிரித்தாள். “உங்க ஊர்ல கொண்டு போடுங்க. ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிரும்லா.” நான் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே ஒப்பித்திருக்கிறார்கள்.

ஞானம்மாவைக் காணோம். மகளைக் கூட்டிவரப் போனவள் இன்னும் திரும்பவில்லை என்றார் உபதேசியார். ஏற்பாடு செய்திருந்த ஜீப் ரிப்பேராகி வழியில் நின்றுவிட்டதாம். தாயும் மகளும் பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்களாம். மழை வலுத்துக்கொண்டிருந்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள் வேன் திரும்பி நின்றது. நானும் பிரின்சியும் ஏறினோம். பச்சைக் கம்பளி என் கையிலேயே இருந்தது. நல்ல தடிமனாக இன்னும் நாலைந்தை அண்ணன் தாமே கேட்டு வாங்கிப் பின்சீட்டில் மெத்தையாக விரித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஞானம்மா தன் மேல்துண்டையும் சேலைத் தலைப்பையும் சேர்த்துக் குழந்தையின் மேல் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் கம்பளியை நீட்டினேன். அவள் கையை உள்ளே விட்டாள். மடியிலேயே வைத்திருந்ததால் நடு மடிப்பில் களத்துச் சூடு இன்னும் இருந்தது. கம்பளியோடு சேர்த்து என் கையையும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் நானும் அழுதேன். காரம் என்று சொல்லவில்லை.

பிரின்சி அளவெடுத்தது போலக் குழந்தையைச் சுற்றிக் கொடுத்தாள். ரூத் பின்சீட்டில் சாய்ந்து உட்கார, குழந்தையை அவளருகே கம்பளி மெத்தையில் கிடத்தினாள். ஒரு முழம் இருக்குமா அந்தப் பிள்ளை? முகம் மட்டும் வெளியே தெரிந்தது. வேன் கிளம்பியது. பெருமாட்டியிலிருந்து பறந்து வந்த அதே வேன்தான். இப்போது எறும்புகூட அதை முந்திவிடும். ஒவ்வொரு குழிக்கும் அண்ணன் வண்டியை நிறுத்தி, இறக்கி, ஏற்றினார்.

“களத்துக்காரி கேட்டான்னு சொல்லச் சொன்னா” என்று குழந்தையிடம் சொன்னேன். அது கண்ணைத் திறக்கவில்லை. சூடு உறைத்திருக்க வேண்டும், மெல்ல நெளிந்தது. சுற்றின கம்பளியிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. மெத்தையின் ஓரத்தைத் தாண்டி, புதுச் சீட்டுக் கவரின் மேல் போய் நின்றது. என் கட்டைவிரல் அளவு பாதம்.

பிரின்சி பதறிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவசரமாக அந்தக் காலை உள்ளே தள்ளப் போனாள்.

“இருக்கட்டும் புள்ள” என்றார் பொன்னுச்சாமி அண்ணன். “அந்தக் காலு மட்டும் எங்க வேணும்னாலும் வெச்சுக்கட்டுமுங்க.”

“குளிரும்ணா” என்றாள் பிரின்சி.

“அப்பிடீங்களா? அப்படீன்னா மூடீருங்க, மூடீருங்க” என்று அவர்தான் பதறினார். பிரின்சி காலை உள்ளே வைத்துப் போர்த்திவிட்டாள். மழைக்குள் லயத்தின் விளக்குகள் தெரிந்தன. வாசல்களில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டிக்காகக் காத்து நின்றிருந்தார்கள்.